ரிஞ்சானி உச்சி: கடைசிச் சரளை மேட்டுக்குத் தெம்பை மிச்சம் பிடிப்பது எப்படி

இந்தோனேசியாவின் லொம்பொக் தீவில் 3,726 மீட்டர் உயரத்தில் நிற்கிறது ரிஞ்சானி. அந்நாட்டு எரிமலைகளில் சுமத்ராவின் கெரிஞ்சிக்கு (3,805 மீட்டர்) அடுத்த உயரம் இதற்குத்தான். கயிறு, கொக்கி எதுவும் வேண்டாம், நடந்தே உச்சியைத் தொடலாம். ஆனாலும் பின்னிரவில் முகாமை விட்டுக் கிளம்புகிறவர்களில் பலர் உச்சி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களை உட்கார வைப்பது கடைசி 300 மீட்டர் உயரத்துக்குக் கிடக்கும் சரளை. இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குக் காலிலும் மூச்சிலும் தெம்பு மிஞ்ச வேண்டும் என்பதை வைத்தே மற்ற எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும்.

மலையின் அமைப்பு

ரிஞ்சானி தனிக் கூம்பு அல்ல. அருகே சமாலாஸ் என்றொரு மலை இருந்தது. 1257இல் அது வெடித்து, தன் மேல்பகுதியை இழந்து உள்ளே சரிந்தது. கடந்த சில ஆயிரம் ஆண்டுகளின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று அது. இன்று அந்த இடத்தில் நீள்வட்டப் பெருங்குழியும், அதன் அடியில் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் செகாரா அனாக் ஏரியும் இருக்கின்றன. செகாரா என்பது நம் 'சாகரம்'தான். அனாக் என்றால் குழந்தை. கடலின் குழந்தை. ஏரிக்குள் நிற்கும் சின்னக் கூம்பு பாருஜாரி (2,376 மீட்டர்). இப்போதும் உயிருள்ள வாய் அதுதான். 2015இலும் 2016இலும் புகை கக்கியது. ரிஞ்சானி உச்சி இந்தப் பெருங்குழியின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. எனவே உச்சிப் பாதையில் நடக்கையில் ஒரு கை பக்கம் ஏரிக்குச் சரியும் பள்ளம், மறு கை பக்கமும் சரிவு. இருட்டில் இது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும்.

எப்போது போவது, யாரிடம் பதிவது

மழைக்காலத்தில், வழக்கமாக ஜனவரி முதல் மார்ச் முடிய, தேசியப் பூங்கா பாதைகளை மூடிவிடும். ஏப்ரலில் திறந்தாலும் முதல் சில வாரங்கள் பாதை சேறாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை உலர்காலம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் மிகுதி. காய்ந்த தூசியும் மிகுதி, சரளை இன்னும் இளகிக் கிடக்கும். மே, ஜூனில் மண்ணில் கொஞ்சம் ஈரம் மிஞ்சியிருப்பதால் சரளை சற்றுப் பிடித்து நிற்கும், புல்வெளியும் பச்சையாக இருக்கும். மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடிகிறவர்கள் அப்போதே போகலாம்.

அனுமதிச் சீட்டு 'ஈ-ரிஞ்சானி' செயலி வழியாகத்தான். ஒவ்வொரு வாயிலுக்கும் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பு உண்டு. கட்டணமும் விதிகளும் அவ்வப்போது மாறுவதால், பயணத் தேதி முடிவானதும் அந்தச் செயலியில் உள்ளதையே நம்புங்கள், பழைய பயணக்குறிப்புகளை அல்ல. மருத்துவச் சான்று கேட்பார்கள். நடை தொடங்கும் கிராமமான செம்பாலுனிலேயே ரத்த அழுத்தம் பார்த்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் எந்த உயரம் வரை செல்லும் என்று படித்துப் பாருங்கள். பல காப்பீடுகள் 3,000 மீட்டரோடு நின்றுவிடும். உங்களுக்கு 4,000 வரை வேண்டும்.

வழிகாட்டியையும் சுமைகாரர்களையும் அமர்த்தும்போது விலையை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். உச்சி இரவில் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? பின்தங்குகிறவரோடு யார் நிற்பார்? சுமைகாரர்களுக்குத் தனிக் கூடாரமும் உறங்குபையும் உண்டா? இங்கே சுமைகாரர்கள் மூங்கில் தண்டின் இரு முனையிலும் கூடை கட்டி, நம்மூர்க் காவடி போலத் தோளில் வைத்து ஏறுகிறார்கள், பலர் ரப்பர் செருப்போடு. கூடாரம், அரிசி, அடுப்பு எல்லாம் அவர்கள் தோளில்தான். மிக மலிவாகக் கிடைக்கும் பயணத்தில் அந்த மலிவு யாருடைய கூலியிலிருந்தும் போர்வையிலிருந்தும் வந்தது என்பதை யோசித்தே அமர்த்த வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். 2025 ஜூனில் உச்சிப் பாதையில் களைத்துப் பின்தங்கிய வெளிநாட்டுப் பெண் ஒருவர் சரிவில் விழுந்தார். மூடுபனியாலும் இளகிய மண்ணாலும் மீட்புக் குழு அவரை அடைய மூன்று நாட்களுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அவர் உயிர் பிரிந்துவிட்டது. இங்கே ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போகும் என்று எண்ணி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

எத்தனை நாள்

உச்சிக்கு வசதியான வழி கிழக்கே செம்பாலுன் (சுமார் 1,150 மீட்டர்). இரண்டு நாள், ஓரிரவுத் திட்டம் விலை குறைவாகத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: இரண்டாம் நாள் பின்னிரவு இரண்டு மணிக்கு 2,639 மீட்டரிலுள்ள முகாமிலிருந்து கிளம்பி 1,087 மீட்டர் ஏறி, அன்றே 2,576 மீட்டர் இறங்கிக் கிராமத்துக்கு வர வேண்டும். முட்டி தாங்காது. இந்த மலையில் கால் பிசகுவது பெரும்பாலும் இறக்கத்தில், களைப்பில்தான். மூன்று நாள், இரண்டிரவுத் திட்டத்தில் உச்சிக்குப் பிறகு ஏரிக்கு இறங்கித் தங்கி, மூன்றாம் நாள் வடக்கே செனாரு அல்லது தொரேயான் வழியாக வெளியேறலாம். அப்போதும் உச்சி நாளில் 1,700 மீட்டர் இறக்கம் இருக்கிறது, ஆனால் நடுவே முகாமில் சாப்பிட்டு ஓய்வெடுக்கலாம். முதல் முறை போகிறவர்களுக்கு இதுதான் சரி.

உடலைத் தயார்செய்தல்

எட்டு வாரம் வேண்டும். 1,087 மீட்டர் என்பது, ஒரு மாடிக்கு மூன்று மீட்டர் வைத்தால், 360 மாடி. அத்தனையும் ஒரே நாளில் பழக வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள் படிக்கட்டு: முதல் வாரம் 20 மாடி, பிறகு வாரத்துக்குப் பத்துப் பதினைந்து மாடி கூட்டி, எட்டாம் வாரம் முதுகில் 6 கிலோவோடு 100 மாடி. லிஃப்டில் இறங்காதீர்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. பழக்கம் இல்லாத தொடைக்கு மறுநாள் வலி வருவது அதனால்தான். ஒரு ஞாயிறாவது மூன்று மணிக்கு எழுந்து, வெறும் பிஸ்கட்டும் தேநீருமாக இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள். தூக்கம் கலைந்த உடலில் வயிறு எப்படி நடந்துகொள்கிறது என்பது அன்று தெரிந்துவிடும்.

என்ன எடுத்துப் போவது

லொம்பொக் கடற்கரையில் 27 டிகிரி இருக்கும்போது உச்சியில் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். உலர்காலத்துத் தென்கிழக்குக் காற்று அதை இன்னும் கூர்மையாக்கும். நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "இந்தோனேசியா வெப்ப நாடு" என்று ஒரே ஒரு ஸ்வெட்டரோடு வந்துவிடுகிறார்கள்.

உடலோடு ஒட்டிய சட்டை பருத்தியாக இருக்கக் கூடாது. பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நின்ற ஐந்தாவது நிமிடத்தில் முதுகு சில்லிடும். பாலியஸ்டர் அல்லது கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஃப்ளீஸ், அதற்கு மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கி. மெல்லிய இறகு ஜாக்கெட் இருந்தால் நடக்கும்போது போடாமல் பையில் வைத்து, நிற்கும்போது மட்டும் போடுங்கள். காது மூடும் குல்லா, கையுறை இரண்டு ஜோடி. ஒன்று சரளையில் கை ஊன்றிக் கிழியும் அல்லது நனையும்.

காலணி கணுக்கால் வரை உயர்ந்ததாக, ஏற்கெனவே 50 கிலோமீட்டராவது நடந்து பழகியதாக, தடித்த காலுறையோடு அரை அளவு பெரியதாக இருக்கட்டும். இறங்கும்போது பெருவிரல் முனையில் முட்டினால் நகம் கறுத்து விழும். கிளம்புவதற்கு முந்தைய நாள் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். காலணி வாயை மூடும் கெய்ட்டர் இங்கே ஆடம்பரம் அல்ல. அது இல்லாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குளிரில் முடிச்சவிழ்த்துக் கல் கொட்ட வேண்டியிருக்கும். ஊன்றுகோல் இரண்டு, முனையில் அகலத் தட்டு மாட்டியவை. தட்டு இல்லாத கோல் சரளைக்குள் முழம் இறங்கி நம்மையும் இழுக்கும். தலைவிளக்கோடு புது மின்கலங்கள், கூடவே ஒரு மாற்றுத் தொகுதி. குளிரில் மின்கலம் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால் மாற்றுத் தொகுதியையும் கைப்பேசியையும் உள்சட்டைப் பையில் வையுங்கள். தூசிக்கு மூக்கு மூடும் துணி. கண்ணில் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றிரவு கண்ணாடிக்கு மாறிவிடுங்கள். சாம்பல் துகள் லென்ஸுக்குள் போனால் அங்கே கழுவ வழியில்லை.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு. முகாமில் வறுத்த சோறு, நூடுல்ஸ், முட்டை, டெம்பே (நொதிக்க வைத்த சோயாக் கட்டி), தோஃபு கிடைக்கும். ஆனால் சம்பலில் பெரும்பாலும் 'தெராசி' என்ற இறால் விழுது இருக்கும். "தெராசி வேண்டாம்" என்று கிராமத்திலேயே, சாமான் வாங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்; மலைமேல் சொல்லிப் பயனில்லை. உச்சி இரவுக்குக் கடலை மிட்டாயும் பேரீச்சையும் நன்றாக உதவும். சாக்லேட் குளிரில் கல்லாகிவிடும். மூச்சிரைக்கும் நேரத்தில் கடிக்க முடியாது.

முதல் நாள்: செம்பாலுனிலிருந்து விளிம்பு முகாம் வரை

காலை ஏழுக்குள் நடையைத் தொடங்குங்கள். முதல் சாவடி 1,300 மீட்டரில், இரண்டாவது 1,500இல், மூன்றாவது 1,800இல். அதுவரை திறந்த புல்வெளி. நிழல் இல்லை, வெயில் கடும். இரண்டாம் சாவடி வரை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார்கள். அதில் ஏறிக்கொள்வதில் வெட்கம் எதுவுமில்லை. வெயிலில் வீணாகும் இரண்டு மணி நேரமும் வியர்வையும் மிச்சம். அந்தத் தெம்பு இரவுக்கு வேண்டும்.

மூன்றாம் சாவடிக்குப் பின் வருவது புக்கிட் பெஞெசாலான் எனும் ஏழு மேடுகள். பெயருக்கு 'வருந்தும் குன்று' என்று பொருள். ஏன் வந்தோம் என்று நொந்துகொள்ள வைக்கும் மேடு என்று கொள்ளுங்கள். உச்சி வந்துவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் அடுத்தது எழும். 840 மீட்டர் ஏற்றம், மூன்று நான்கு மணி நேரம். வேகத்துக்கு ஒரே அளவுகோல்: முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். வழிகாட்டிகள் "பெலான்-பெலான்" என்பார்கள், மெல்ல மெல்ல. அதை அப்படியே பின்பற்றுங்கள். நாள் முழுக்க 3 லிட்டர் தண்ணீர், அதில் ஒரு லிட்டரில் உப்புச் சர்க்கரைக் கரைசல்.

மாலை மூன்று, நான்கு மணிக்கு பிளாவாங்கான் செம்பாலுன் எனும் விளிம்பு முகாம் (2,639 மீட்டர்). சேர்ந்ததும் வியர்த்த சட்டையை மாற்றுங்கள், பிறகுதான் படம் எடுப்பது. குரங்குகள் கூடாரத்தைத் திறக்கத் தெரிந்தவை. பிஸ்கட் பொட்டலத்தைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். அருகே ஊற்று உண்டு, உலர்காலக் கடைசியில் அது மெலியும். எந்த நீரையும் கொதிக்க வைத்தோ குளோரின் மாத்திரை போட்டோதான் குடிக்க வேண்டும். ஆறு மணிக்குச் சாப்பிட்டு ஏழரைக்குப் படுத்துவிடுங்கள். தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிப் படுப்பது பலன் தரும்.

கடல்மட்டத்திலிருந்து வந்து முதல் இரவே 2,600 மீட்டரில் படுப்பதால் லேசான தலைவலி பலருக்கு வரும். தண்ணீரும் பாராசிட்டமாலும் போதும். ஆனால் தலைவலியோடு வாந்தியோ, நேர்க்கோட்டில் நடக்க முடியாத தள்ளாட்டமோ இருந்தால் உச்சியை மறந்துவிட்டு அப்போதே இறங்க வேண்டும். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. கீழே சரியாகாதது மேலே சரியாகாது. மலை நோய்க்கான மாத்திரையைப் பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவையாக மலைமேல் போட்டுப் பார்க்கக் கூடாது.

உச்சி இரவு

ஒன்றரைக்கு எழுந்து, இனிப்புத் தேநீரும் ரொட்டியும். இரண்டு மணிக்குப் புறப்பாடு. பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர், தின்பண்டம், ஜாக்கெட், மாற்று மின்கலம். வேறெதுவும் வேண்டாம். கிளம்பும்போது கொஞ்சம் குளிரட்டும். எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு கிளம்பினால் முதல் கால் மணியில் வியர்த்து நனைந்துவிடுவீர்கள்.

பாதை மூன்று துண்டு. முதல் ஒரு மணி நேரம் முகாமிலிருந்து முகட்டுக்கு ஏறும் செங்குத்தான மண்பாதை, பொடிமண்ணும் வேர்களும். இங்கேதான் கூட்டம் முண்டும், எல்லாரும் வேகமாகப் போவார்கள். போகட்டும். அவர்களில் பாதிப் பேரை நான்கரை மணிக்கு உட்கார்ந்த நிலையில் பார்ப்பீர்கள். இரண்டாவது துண்டு முகட்டின் மேல் ஒரு மணி முதல் ஒன்றரை மணி வரை நீளும் மிதமான ஏற்றம். காற்று முழுவதுமாக அடிக்கும் இடம் இது. மேலங்கியை இங்கே போடுங்கள். பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி நின்று இளைப்பாறக் கூடாது. விளிம்பு மண் உள்ளீடற்று இருக்கும். ஓய்வென்றால் பாறை மறைவில், மூன்று நிமிடத்துக்கு மிகாமல். நின்றால் உடல் குளிரும், குளிர்ந்த தசை மறுபடி நடக்க அடம்பிடிக்கும்.

மூன்றாவது துண்டை அங்கே 'லெட்டர் ஈ' என்கிறார்கள். சாம்பலும் நுரைக்கல் துண்டுகளும், தம் மேல் தாமே சரியாமல் நிற்கக்கூடிய அதிகபட்சச் சாய்வில் கிடக்கின்றன. அந்தச் சாய்வில் எந்தக் கூடுதல் எடை விழுந்தாலும் மேலடுக்கு நகரும். பாதத்தை முழுதாக வைத்துத் தள்ளினால் அடியிலிருக்கும் கல்லெல்லாம் உருளைகளாக மாறி உங்களைக் கீழே கொண்டுவரும். அதனால் தள்ளக் கூடாது, குத்த வேண்டும். காலணி முனையைச் சரிவுக்குள் ஒருமுறை உதைத்துச் சிறு படி உண்டாக்குங்கள். அது அமுங்கி நிற்கும் வரை ஒரு நொடி பொறுங்கள். பிறகு எடையை மாற்றி, பின்காலின் முட்டியை நேராக்கி எலும்பின் மேல் நின்று ஒரு மூச்சு விடுங்கள். அடுத்த உதை. அடி அரைச்சாணாக இருக்கட்டும். அடி நீண்டால் சறுக்கலும் நீளும். முன்னால் போனவர் குத்திய படி இருந்தால் அதிலேயே வையுங்கள், அது ஏற்கெனவே இறுகியிருக்கும். பெரிய கற்கள் பாதி புதைந்து தெரியும் ஓரங்கள் பொடிச் சரளையை விட நிலையானவை. முதலில் கோலால் தட்டிப் பார்த்துவிட்டு மிதியுங்கள்.

ஐம்பது அடி நடந்து பத்து மூச்சு நிற்பது என்று எண்ணிக்கை வைத்துக்கொண்டால் மனம் தளராது. மேலே பார்க்காதீர்கள், விளக்குகள் வானத்தில் தொங்குவது போலத் தெரிந்து மலைக்க வைக்கும். மேலிருந்து "பாத்து!" என்று குரல் வந்தால், இந்தோனேசிய மொழியில் அது 'கல்'. நம் காதில் நம்முடைய "பாத்து!" போலவே விழும். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நின்று, சரிவைப் பார்த்துக் குனிந்து, முதுகுப்பையைக் கேடயமாக்குங்கள். உங்கள் காலடியில் கல் கிளம்பினாலும் கத்திச் சொல்லுங்கள்.

திரும்பும் நேரத்தை முகாமிலேயே முடிவு செய்து வழிகாட்டியிடம் சொல்லிவிட வேண்டும். ஐந்தரைக்குள் சரளையின் அடிக்கு வரவில்லையென்றால், முகட்டில் பாறை மறைவில் விடியலைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே நல்லது. கடுங்காற்றில் கோல் ஊன்றியும் நிற்க முடியவில்லை என்றாலும், பேச்சு குழறினாலும், நடுக்கம் நிற்காவிட்டாலும் அப்படியே. கதிரவன் பருவத்தைப் பொறுத்து ஆறு மணியை ஒட்டி எழும். தெளிந்த காலையில் கிழக்கே சும்பாவா தீவின் தம்போரா, மேற்கே பாலியின் ஆகுங், ஏரி மேல் முக்கோணமாக விழும் ரிஞ்சானியின் நிழல். அந்த நிழலுக்காகவே மேற்குப் பக்கம் திரும்பி நில்லுங்கள்; எல்லாரும் கிழக்கேயே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 20 நிமிடம் போதும்.

இறங்கும்போது அதே சரளை உதவும். குதிகாலைக் குத்தி, முட்டியை லேசாக மடித்து, உடலைச் சற்று முன்னால் சாய்த்தால் ஒவ்வோர் அடியும் மெத்தையில் இறங்குவது போல அமையும். பயத்தில் பின்னால் சாய்ந்தால்தான் கால் வாரும். ஓடாதீர்கள், முகடு வரும் இடத்தில் பாதை வளைகிறது, வேகத்தில் வருகிறவர் நேரே போய்விடக் கூடும். ஒன்பது மணிக்குமேல் மேகம் ஏறத் தொடங்கும், அதற்குள் முகாமில் இருக்க வேண்டும்.

ஏரிக்கும் வெளியேயும்

சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுத்தபின் ஏரிக்கு 640 மீட்டர் இறக்கம், மூன்று மணி நேரம். செங்குத்தான பாறைப் படிகள். இங்கே கோலைச் சுருக்கிப் பையில் செருகி, இரு கையாலும் கம்பிப் பிடிகளைப் பற்றி இறங்குங்கள். ஏரி லொம்பொக்கின் சாசாக் மக்களுக்கும் பாலி இந்துக்களுக்கும் புனிதமானது. படையலோடு வந்து வழிபடுகிறார்கள். சோப்பு போட்டுக் குளிப்பதும் துணி துவைப்பதும் வேண்டாம். அருகிலுள்ள ஆயிக் காலாக் வெந்நீர் ஊற்றில் அரை மணி உட்கார்ந்தால் தொடை இளகும். இறங்கும் முன் காலால் சூடு பாருங்கள், சில குட்டைகள் சுடும்.

மூன்றாம் நாள் செனாரு வழி என்றால் மறுபடி 640 மீட்டர் ஏறி, பிறகு 600 மீட்டர் உயரத்திலுள்ள கிராமம் வரை 2,000 மீட்டர் இறக்கம். கீழ்ப்பாதி நிழல் தரும் காடு. தொரேயான் வழியில் அந்த ஏற்றம் இல்லை. ஏரி நீர் வெளியேறும் பள்ளத்தாக்கை ஒட்டி அருவிகளோடு இறங்கலாம். ஆனால் பள்ளத்தின் ஓரத்தை ஒட்டி நடக்க வேண்டிய இடங்கள் உண்டு, மழை பெய்தால் கல் விழும். முந்தைய மாலை மழை பெய்திருந்தால் செனாருவே பாதுகாப்பு.

வாயிலில் நுழைந்தபோது எழுதிக்கொடுத்த பொருட்களின் பட்டியலோடு குப்பையைச் சரிபார்ப்பார்கள். அதற்கென ஒரு தடித்த பையை முதல் நாளே சுமைகாரரிடம் கொடுக்காமல் உங்கள் பையின் வெளிப்புறத்தில் கட்டிக்கொள்ளுங்கள்; மிட்டாய்த் தாள், ஈரத்தாள், தீர்ந்த மின்கலம் எல்லாம் போகப்போக அதிலேயே விழட்டும்.